கிரந்திப் பட்டியலில் இல்லாத ஒவ்வாமை: புதிதாக அறிந்துகொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் ஒருவர் தமக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. "கிரந்திதானே" என்று சொல்லி அந்தச் சட்டியை நகர்த்திவிட்டு மற்றக் கறியைப் பரிமாறுவார்கள். நண்டு, கணவாய், கத்தரிக்காய், அன்னாசி ஆகியவற்றுக்கும் இதே மரியாதை உண்டு, ஏனென்றால் உடம்பில் கடியும் தடிப்பும் உண்டாக்கும் கிரந்திச் சாப்பாடு என்று நம் அம்மம்மாமார் வகுத்துவைத்த பட்டியலில் இவையெல்லாம் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை, வெந்தயத்தையோ தேங்காயையோ குளிரையோ ஒட்டுப்பொட்டின் பசையையோ, உடல் ஏற்பதில்லை என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும்; பிறகு அறிவுரை வரும்; கடைசியில் "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது பிள்ளை" என்றபடி அகப்பை வரும்.

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. என் அக்காவின் மகனுக்கு வெந்தயம் ஒத்துக்கொள்ளாது. நான் வைத்தியர் அல்லன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பல வருடங்களாக இவ்வூரில் குடும்பம் நடத்தும் ஒருவன். இத்தகைய ஒவ்வாமை தமக்கோ பிள்ளைக்கோ இருப்பதாகப் புதிதாக அறிந்தவர்கள் எந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பிறரை நம்பவைப்பதை அந்த ஒழுங்கில் முதலாவதாக வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் செய்யப் போய் இரண்டு வருடங்களை வீணாக்கினோம். நம்பாதவர் வீட்டிலும் பாதுகாப்பாக உட்கார்ந்து எழும்புவதற்கான ஏற்பாடுகளை முதலில் செய்துகொள்ளுங்கள். நம்பிக்கை பின்னால் வந்தால் வரட்டும்.

முதற்படி: ஒரு கொப்பியை எடுங்கள்

என் கதை மீன் சந்தையில் தொடங்கியது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாரையைக் கையில் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்து, பேரம் பேசி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உள்ளங்கை இரண்டும் சிவந்து தடித்து, விரல்களை மடக்க முடியாமற் போயிற்று. இப்படி மூன்று நான்கு தடவை நடந்ததும் மீன்தான் காரணம் என்று வீட்டார் எல்லோரும் முடிவு செய்தோம். துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு ஒன்றரை வருடம் நான் மீனைத் தொடவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. பிறகு, மனைவியின் வற்புறுத்தலால் நடந்தவற்றை ஒரு பழைய பாடசாலைக் கொப்பியில் திகதியிட்டு எழுதத் தொடங்கியபோது இரண்டு விடயங்கள் கண்ணில் பட்டன. மீனைத் தொடாத நாளொன்றில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தலைப் பிடித்திருந்த கையும் அதேபோல் வீங்கியிருந்தது. சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுத்த இடத்திலேயே, ஐஸ் படாமல் வாங்கிய மீனைப் பிடித்த கைக்கு எதுவும் நேரவில்லை. மீன் குற்றவாளி அல்ல. மீனின் மேல் கிடந்த ஐஸ்தான்.

ஆகவே கொப்பியில் எழுத வேண்டியவை உணவுப் பெயர்கள் மாத்திரம் அல்ல. தாக்கம் தொடங்கிய நேரத்தையும், அதற்கு முந்திய 6 மணி நேரத்தில் உண்டவை, குடித்தவை அனைத்தையும் எழுதுங்கள். விழுங்கிய குளிசைகளை, முக்கியமாக வலிக்குப் போடும் அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபெனக் போன்றவற்றை, விடாமல் குறியுங்கள். ஓடினீர்களா, வியர்த்தீர்களா, வெயிலில் நின்றீர்களா, தண்ணீரில் இறங்கினீர்களா, ஏதேனும் கடித்ததா, காய்ச்சல் இருந்ததா, பெண்களாயின் மாதவிடாய்க் காலமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடிப்பு இருக்கும்போதே பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், ஏனென்றால் வைத்தியரின் முன்னால் போய் உட்காரும்போது தோல் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

6 மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவு ஒவ்வாமை பொதுவாகச் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாலும், நம்ப முடியாதது என்று ஒதுக்கப்படும் சில வகைகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. உண்ணி கடித்த சிலருக்கு, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றில் உள்ள அல்பா-கல் என்ற சர்க்கரைக் கூறுக்கு எதிராக உடல் திரும்பிவிடுகிறது. அவர்கள் இரவில் இறைச்சிக் கறியுடன் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுப்பார்கள், நடுச்சாமத்தில் உடல் முழுவதும் தடித்து, வயிற்றை முறுக்கி, மூச்சு முட்டி எழும்புவார்கள். வேறு சிலருக்குக் கோதுமை தனியே எதுவும் செய்யாது, ஓட்டமும் தனியே எதுவும் செய்யாது. பாணோ கொத்துரொட்டியோ சாப்பிட்டுவிட்டு அடுத்த சில மணி நேரத்துக்குள் மைதானத்தில் இறங்கி ஓடினால் மாத்திரம் மயங்கி விழுவார்கள். கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளியாடின் என்ற புரதமே இதன் பின்னணியில் பெரும்பாலும் இருக்கும். "நேற்றும் பாண் சாப்பிட்டவன்தானே" என்ற வாதம் இவரிடம் செல்லாது. ஆனால் கொப்பி இல்லாவிட்டால் அவருக்கே அது விளங்காது.

இரண்டாம் படி: ஒவ்வாமைபோல் வேடமிடுபவற்றை விலக்குங்கள்

நமது கரையில் இது மிக முக்கியம். சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை போன்ற மீன்கள் பிடிபட்ட பின்னர் குளிரில் வைக்கப்படாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் தசையில் பற்றீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைப் பெருமளவில் உண்டாக்கிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடும் அதே பொருள்தான் இது. அந்த மீனை உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு கடிக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோல் ஓர் உறைப்பைச் சிலர் முதலிலேயே உணர்வர். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. இது மீன் ஒவ்வாமை அல்ல, கெட்ட மீனின் நஞ்சு. அடையாளம் காண எளிய கேள்வி ஒன்று உண்டு: அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் ஏதாவது நடந்ததா? இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் நடந்திருந்தால் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதை அறியாமல் வாழ்நாள் முழுவதும் சூரை மீனை ஒதுக்கி வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்காக, தாக்கம் கடுமையாக இருக்கும்போது வீட்டில் இருந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. இரண்டுக்கும் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலைதான்.

பால் குடித்தால் வயிறு ஊதுவதும் பேதியாவதும் பல பெரியவர்களுக்குப் பாற்சர்க்கரை செரிக்காமையால் வருவது. அது தொல்லை தரும், உயிருக்கு ஆபத்தாகாது. சாம்பிராணிப் புகையும் கற்பூரப் புகையும் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவரின் மூச்சுக்குழாயை எரிச்சற்படுத்துபவை. அதை ஒவ்வாமை என்று சொல்லாவிட்டாலும் விலகி நிற்பது நியாயமே. இந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொள்வது வெறும் சொற்பிரச்சினை அல்ல. பிடிக்காத உணவையெல்லாம் அலர்ஜி என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர்களால்தான், உண்மையில் தொண்டை அடைபடும் பிள்ளையின் சொல்லுக்கும் மதிப்புக் குறைகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மூன்றாம் படி: நோய்க்கு எழுத்தில் ஒரு பெயர் வாங்குங்கள்

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்கு உங்களுக்காக ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்கள்தான். ஆகவே கொப்பியை அப்படியே நீட்டாமல், அதிலிருந்து ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதி, படங்களையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு போங்கள். "எனக்கு இன்ன அலர்ஜி" என்று முடிவைச் சொல்வதைவிட, "இதைத் தொட்டு இத்தனை நிமிடத்தில் இது நடந்தது, இத்தனை தடவை நடந்தது" என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். எனக்கு முதலில் வாய்த்த வைத்தியர், ஒரு தனியார் இடத்தில், "இந்த வெயில் ஊரில இருந்துகொண்டு குளிர் அலர்ஜியோ?" என்று சிரித்துவிட்டு நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனபோது அவர் ஐஸ் கட்டியொன்றை மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு என் முன்கையில் 5 நிமிடம் வைத்தார். எடுத்துவிட்டு 10 நிமிடம் பேசாமல் இருந்தார். தோல் சூடேறத் தொடங்கியதும், ஐஸ் கட்டி எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில், மூலை மூலையாக, ஒரு வெள்ளைத் தடிப்பு மேலெழும்பியது. அருகில் நின்ற தாதியும் குனிந்து பார்த்தார். குளிர்த் தடிப்பு நோய் என்ற பெயர் அன்றைக்குத்தான் என் கிளினிக் கொப்பியில் ஏறியது. இந்தச் சோதனையை வைத்தியர் முன்னிலையில் செய்வதே முறை, ஏனெனில் சிலருக்குத் தடிப்போடு நில்லாமல் மயக்கமும் வரலாம்.

உணவு ஒவ்வாமைக்குத் தோலில் மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையும், இரத்தத்தில் ஐஜிஈ எனப்படும் பிறபொருளெதிரியை அளக்கும் சோதனையும் உண்டு. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு இத்துறையில் அரச தரப்பில் முதன்மையான இடம். அங்கே போவதற்கு உங்கள் வைத்தியரிடமிருந்து கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் ஏறுவதற்கு முன்னர் கவனிக்க வேண்டியது ஒன்று: பிரிட்டோன், செற்றிரிசின் போன்ற ஒவ்வாமைக் குளிசைகள் தோல் சோதனையின் முடிவை மறைத்துவிடும் என்பதால், சோதனைக்குச் சுமார் ஒரு வாரத்துக்கு முன்னரே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்; இல்லாவிட்டால் போய் வந்த செலவுதான் மிஞ்சும். சோதனை காட்டுவதெல்லாம் நோய் என்றும் கொள்ளக் கூடாது. பத்துப் பொருளுக்குத் தோல் தடித்தாலும், அவற்றில் உண்மையில் உண்டு துன்பப்படுவது ஒன்றிரண்டாக இருக்கலாம். சோதனை முடிவும் உங்கள் கொப்பியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தலைமுடியைக் கொடுத்தால் எண்பது உணவுகளுக்கு ஒவ்வாமை சொல்லுகிறோம் என்ற விளம்பரங்களுக்கும், ஐஜிஜி என்ற வேறொரு பிறபொருளெதிரியை அளந்து உணவுகளைத் தடைசெய்யும் அறிக்கைகளுக்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்தச் சோதனைக்குப் பின்னரும் நோயின் பெயரும், தவிர்க்க வேண்டிய பொருளும் எழுதப்பட்ட ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். பாடசாலையிலும், வேலைத்தலத்திலும், சொந்தக்காரர் வீட்டிலும் உங்கள் வாய்ச்சொல் செய்யாத வேலையை அந்தத் துண்டு செய்யும்.

நான்காம் படி: ஆபத்து நேரத்துக்கான ஆயத்தம்

இந்தப் படியை முடிக்காமல் விருந்துக்குப் போகாதீர்கள். தோலில் மட்டும் தடிப்பும் கடியும் இருந்தால் அது சிறிய தாக்கம். ஒவ்வாமைக் குளிசையோடு அடங்கக்கூடும். குரல் கம்முதல், தொண்டை இறுகுதல், நாக்கு வீங்குதல், இருமலோடு முட்டு வருதல், தலை சுற்றி விழப் பார்த்தல், பிள்ளை திடீரென்று துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை அனபிலக்சிஸ் என்ற கடும் தாக்கமாகவே எடுக்க வேண்டும். சில வேளைகளில் தோலில் எதுவுமே தெரியாமலும் இது வரும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டியது. பிரிட்டோன் இதற்கு மாற்று அல்ல. நமது வீடுகளில் பிரிட்டோனைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்போம், அரை மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த அரை மணி நேரந்தான் உயிருக்கு உலை வைப்பது.

வெளிநாட்டில் பேனை வடிவில் கிடைக்கும் தானியங்கி ஊசி இங்கே நினைத்தவுடன் பாமசியில் வாங்கக்கூடிய பொருள் என்று எண்ணி இருக்க வேண்டாம். அட்ரினலினை வீட்டில் வைத்திருப்பது அவசியமா, எந்த அளவு, யார் போடுவது, எப்படிப் போடுவது என்பதை உங்கள் வைத்தியரிடம் நேராகக் கேட்டு, அவர் காட்டித் தந்தபடி பழகிக்கொள்ளுங்கள். தந்தால் அதை வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் வாகனத்திலோ வைத்த மருந்து மருந்தாக இராது. நிறம் மாறியதை வீசிவிட்டுப் புதியதை வாங்க வேண்டும்.

தாக்கம் வந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள்; மூச்சு முட்டுகிறதென்றால் சாய்ந்து உட்காரவிடுங்கள்; எழும்பி நடக்கவிட வேண்டாம். கையில் ஊசி இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தில் இருப்பவர்கள், நகரத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்று பாலத்தைக் கடந்து ஓட வேண்டியதில்லை. முதல் ஊசி போடப்படுவதே முக்கியம் என்பதால் பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலையே அந்த நேரத்துக்குப் பெரிய வைத்தியசாலை. சுகமாகிவிட்டதென்று உடனே துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவும் வேண்டாம். சில மணி நேரத்தின் பின்னர் தாக்கம் இரண்டாம் முறையாகத் திரும்புவது உண்டு. வைத்தியர் சொல்லும்வரை இருங்கள். நாவூறு கழிப்பவர்கள் கழிக்கட்டும், திருநீறு பூசுபவர்கள் பூசட்டும். வாகனம் புறப்பட்ட பிறகு.

ஐந்தாம் படி: வீட்டுச் சமையலறை

என் மருமகனின் கதைக்கு வருகிறேன். வெந்தயம் பருப்பு, கடலை, கச்சான் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த தாவரத்தின் விதை. கச்சான் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமற் போவது இந்த உறவினால்தான். (கச்சான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அது நிலக்கடலைக்கும் பெயர், காற்றுக்கும் பெயர். "இவனுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது" என்று அக்கா சொன்னபோது, அயல் வீட்டு அன்ரி மிகுந்த கரிசனையோடு யன்னலைச் சாத்திவிட்டு, பொரித்த கச்சானை ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார்.)

வெந்தயம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடுவதைவிட எங்கே இல்லை என்று கேட்பது சுலபம். சொதியில் இருக்கிறது, மீன் குழம்பில் இருக்கிறது, தோசை மாவில் ஊறப் போடுகிறார்கள், வறுத்து இடித்த கறித்தூளில் இருக்கிறது, ஊறுகாயில் இருக்கிறது, நோன்புக் காலத்தில் அன்போடு வாளியில் வரும் கஞ்சியிலும் பல வீடுகளில் விழுகிறது, தலைக்கு வைக்கும் எண்ணெயிலும் காய்ச்சப்படுகிறது. ஆகவே முதலில் கடைத்தூளை நிறுத்தினோம். ஐரோப்பிய ஒன்றியம் பொதிகளில் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது, வெந்தயம் இல்லை. எனவே வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் பொதியிலும் அது "மசாலாப் பொருட்கள்" என்ற பொதுச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம். வீட்டில் வறுத்துக் கொடுத்தாலும் பிரச்சினை தீரவில்லை. தூள் இடிக்கும் மில்லில் நமக்கு முன்னர் இடித்தவரின் தூள் எந்திரத்துக்குள் மிஞ்சியிருக்கும். அக்கா இப்போது மல்லியையும் மிளகாயையும் வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்கிறார். சத்தமும் தும்மலும் அதிகம்தான், தூளும் அவ்வளவு மையாக வராது. ஆனால் அந்தப் போத்தலில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

உங்கள் பொருள் வெந்தயமாக இராமல் வேறொன்றாக இருந்தால் அதற்கும் இதேபோல் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மீன் ஒத்துக்கொள்ளாதவருக்கு மாசிக் கருவாடு பெரிய பொறி. சீனிச் சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் அது தூளாக இருக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கூனி என்ற சிற்றிறால். எள் ஒத்துக்கொள்ளாதவருக்கு நல்லெண்ணெய். ஒரு வீட்டில் எல்லோரும் அந்தப் பொருளைக் கைவிட வேண்டுமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். தாக்கம் கடுமையானதாயின், பிள்ளையும் சிறியதாயின், கைவிடுவதே நிம்மதி என்பது என் கருத்து. அதற்கு மனமில்லாத வீட்டில் தனிச் சட்டி, தனி அகப்பை, தனித் தாச்சி என்பதாவது இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

ஆறாம் படி: பிறரிடம் சொல்லும் முறை

இப்போதுதான் பிறரிடம் வருகிறோம். அலர்ஜி என்ற சொல்லைக் கேட்டதும் சிறு கடி என்று நினைப்பார்கள். கிரந்தி என்று சொன்னால் பட்டியலைப் பார்ப்பார்கள். நோயின் பெயரை விட்டுவிட்டு நடக்கப்போவதைச் சொல்லுங்கள்: "இதில கொஞ்சம் பட்டாலும் இவனுக்குத் தொண்டை அடைச்சுப் போடும், ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டு ஓட வேணும்." இதைச் சிரிக்காமல், மன்னிப்புக் கேட்கும் தொனியில்லாமல், ஒரு தடவை சொன்னால் போதும். விருந்து வீட்டில் அழைத்தவரிடம் சொல்வதோடு நில்லாமல், குசினிப் பக்கம் போய்ச் சமைப்பவரிடம் நேரே கேளுங்கள், அதுவும் சரியான கேள்வியாகக் கேளுங்கள். "வெந்தயம் போட்டனீங்களோ?" என்றால் இல்லை என்ற பதில் வரும், ஏனென்றால் தூளுக்குள் இருப்பது அவருக்கு நினைவில் வராது. "என்ன தூள் போட்டனீங்கள், தாளிதத்துக்கு என்னென்ன?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

கடைகளில் சிங்களச் சொல்லும் கைவசம் இருக்க வேண்டும். வெந்தயம் உளுஹால், தேங்காய் பொல், கச்சான் ரட்டகஜு, மாசி உம்பலகட, இறால் இஸ்ஸோ. ஒவ்வாமைக்கு அசாத்மிகதாவ என்பார்கள். மூன்று மொழியிலும் எழுதிய சிறு அட்டையொன்றைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத நிலையில் கிடக்கும்போதும் அதை யாராவது எடுத்து வாசிப்பார்கள்.

சோதித்துப் பார்ப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாமி நல்லவர். பேரன்மீது உயிரையே வைத்திருப்பவர். பிள்ளைக்கு எல்லாம் பழக வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சொதியில் ஒரு சிட்டிகை வெந்தயத்தை யாருக்கும் சொல்லாமல் போட்டார். இடியப்பம் இரண்டாவது தட்டுக்கு வருவதற்குள் பிள்ளையின் உதடு தடித்து, குரல் மாறி, எல்லோரும் ஓட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் மாமி, "நான் கொஞ்சம்தானே போட்டனான்" என்று அழுதபடி வந்தார். கொஞ்சம் என்பதில்தான் விடயமே இருக்கிறது. 1902இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான சார்ள்ஸ் றிசேயும் போல் போர்த்தியேயும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தபோது, முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின்னர் கொடுத்த மிகச் சிறிய அளவுக்கு அரை மணி நேரத்துக்குள் இறந்துபோனது. அனபிலக்சிஸ் என்ற பெயரே அப்போது சூட்டப்பட்டதுதான். 1913இல் றிசேக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை சில உணவுகளுக்கு உண்மையாகவே உண்டு, ஆனால் அது நிபுணரின் கண்காணிப்பில், அளவு கணக்கோடு, ஊசி பக்கத்தில் இருக்கச் செய்யப்படுவது. மாமி இன்றுவரை, "வெந்தயம் குளிர்ச்சிதானே, அது என்னெண்டு செய்யும்" என்றுதான் கேட்கிறார். ஆனால் அவர் வீட்டில் பிள்ளைக்கு வேறு சட்டி இருக்கிறது. அது எங்களுக்குப் போதும்.

கோயில் பிரசாதத்தையும் அன்னதானத்தையும் மறுப்பது எல்லோருக்கும் கூச்சமான காரியம். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். எந்தத் தெய்வமும் கோபித்ததாக எனக்குத் தெரியவில்லை. கலியாண வீட்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவதும், பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோவதும் முதல் இரண்டு தடவைதான் பேச்சாகும்.

பாடசாலைக்கு வைத்தியரின் துண்டின் பிரதியோடு ஒரு கடிதம் கொடுங்கள். அதிபருக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று. பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் இனிப்புக்கும் கேக்குக்கும் பதிலாக, உங்கள் பிள்ளைக்கென்று ஒரு சிறிய டப்பாவை ஆசிரியரின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லவும், "எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று உடனே சொல்லவும் பிள்ளையைப் பழக்குவது, கடிதத்தைவிடப் பயன் தரும்.

உணவல்லாத ஒவ்வாமைகள்

குளிர்த் தடிப்பு உள்ளவர்களுக்குக் கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நமது கடல் வெதுவெதுப்பானது என்று நினைத்து நானும் நிலாவெளியில் இறங்கியிருக்கிறேன். தண்ணீருக்குள் எதுவும் நடக்கவில்லை. புறாமலையிலிருந்து திரும்பும் படகில், நனைந்த உடுப்போடு காற்றில் உட்கார்ந்திருந்தபோது தோள்களிலிருந்து முழங்கால்வரை தடித்து, தலை சுற்றியது. ஈரம் காற்றில் உலரும்போது உடல் இழக்கும் வெப்பமே இதற்குக் காரணம். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் இரத்த அழுத்தம் விழுந்து நீரிலேயே மயங்கலாம் என்பதால் தனியாக நீந்தவே கூடாது. வாடைக் காலத்தில் கிணற்றடிக் குளிப்பும் வேண்டாம். கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய பஸ்சில் போர்வை, நீண்ட சட்டை. ஐஸ் பானம் வேண்டாம், தொண்டை வீங்கும். சத்திரசிகிச்சைக்குப் போனால் மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் சேலைனைச் சூடாக்கி ஏற்றுவார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எனக்கென்றே வெட்டப்பட்டவை என்று வீட்டில் ஒரு பகிடி உண்டு.

தொடுவதால் வரும் ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் தெரியும். ஆகவே காரணத்தை நேற்றும் முந்தநாளும் தேடுங்கள். ஒட்டுப்பொட்டின் பசை நெற்றியில் கடியையும், சிலருக்கு வெள்ளைத் தழும்பையும் உண்டாக்கும். குங்குமத்துக்கு மாறிப் பாருங்கள். கறுப்புத் தலைமயிர்ச் சாயத்திலும், கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்குப் போடப்படும் கறுப்பு மருதாணியிலும் இருக்கும் பி.பி.டி என்ற இரசாயனம் கொப்புளம் போடும் அளவுக்குக் கடுமையானது. இலைமருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுப்பாகப் பிடிப்பதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. தோடு, கைக்கடிகாரம், இடுப்புப் பட்டியின் கொக்கி பட்ட இடத்தில் மட்டும் கடித்தால் நிக்கலைச் சந்தேகியுங்கள். இவற்றுக்குக் குத்துச் சோதனை பயன்படாது. முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையைக் கேளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

புது வருடத்துக்குக் கலண்டர் மாற்றும் நாளில் இவற்றைச் செய்கிறோம்: ஊசி மருந்தின் காலாவதித் திகதியை வாசித்தல், அட்டையிலுள்ள தொலைபேசி இலக்கங்களைச் சரிபார்த்தல், பிள்ளையின் நிறை கூடியிருப்பதால் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டல், மறுபரிசோதனைக்குத் திகதி எடுத்தல். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். கச்சானும் இறாலும் பெரும்பாலும் விலகுவதில்லை. குளிர்த் தடிப்பு சிலருக்குச் சில வருடங்களில் தானாகவே குறையும். விலகியதா என்பதை வைத்தியசாலையில் பாருங்கள், சொதியில் அல்ல. என் முன்கையில் மூன்று தடவை ஐஸ் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசித் தடவை தடிப்புச் சற்றுப் பிந்தியே எழும்பியது. அடுத்தது தை மாதம்.